மணமகளின் கையொப்பம்: முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் தள்ளிப்போடப்படும் நீதியும்

கொட்டாஞ்சேனையில் ஒரே தெருவில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு திருமணங்கள் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று தமிழ்க் குடும்பத்துத் திருமணம். பதிவாளர் வருகிறார். மணமகனும் மணமகளும் பதிவேட்டில் ஒப்பமிடுகிறார்கள். மணமகளுக்கு 18 வயது பூர்த்தியாகவில்லை என்றால் பதிவாளர் பதிவேட்டைத் திறக்கவே மாட்டார்.

நான்கு வீடு தள்ளி ஒரு முஸ்லிம் குடும்பம். நிக்காஹ் நடக்கிறது. மணமகன் ஒப்பமிடுகிறார். மணமகளின் தந்தை வலீயாக ஒப்பமிடுகிறார். நிக்காஹ்வை நடத்திவைத்தவரும் ஒப்பமிடுகிறார். மணமகள் உள்ளறையில் இருக்கிறார். அவரது கையொப்பத்தைச் சட்டம் கேட்பதில்லை. சில இடங்களில் நல்ல மனதோடு அதைப் பெற்றுக்கொள்ளக்கூடும். ஆனால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி அது தேவையில்லை.

இரண்டு மணமகள்களும் ஒரே பாடசாலையில் படித்திருக்கலாம், ஒரே வாக்குச்சாவடியில் வாக்களிக்கலாம். திருமண நாளில் மட்டும் இந்த நாட்டின் சட்டம் அவர்களை வெவ்வேறு தட்டுகளில் வைக்கிறது. இந்த வேறுபாடு பல தசாப்தங்களாகப் பேசப்படுகிறது. குழுக்கள் நியமிக்கப்பட்டன, அறிக்கைகள் எழுதப்பட்டன, அமைச்சரவைப் பத்திரங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. ஆனாலும் விடயம் நகரவில்லை. ஏன்?

வழமையாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. 'இஸ்லாம் மாற்றத்தை அனுமதிக்காது' என்பது ஒன்று. 'முஸ்லிம்களின் அடையாளத்தை அழிக்கவே மாற்றம் கேட்கிறார்கள்' என்பது மற்றது. முதலாவது இஸ்லாமிய சிந்தனையின் வரலாற்றோடு பொருந்தவில்லை. இரண்டாவதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது, ஆனால் அது முழு உண்மையல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இந்த விவாதத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் பொதுத் திருமண வயது 1995இல் 18 ஆக உயர்த்தப்பட்டது. முஸ்லிம்களுக்கு அது பொருந்தவில்லை. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் விதிக்கவில்லை. அதன் 23ஆம் பிரிவு, 12 வயதை எட்டாத சிறுமியின் திருமணத்தைப் பதிவு செய்வதற்குக் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. அனுமதி கிடைத்தால் பதிவு செய்யலாம். தண்டனைச் சட்டக் கோவையின் 363ஆம் பிரிவும் இதற்குத் துணைபோகிறது. 16 வயதுக்குக் குறைந்த பெண்ணுடனான உடலுறவு, அவரது சம்மதம் இருந்தாலும், வன்புணர்வுக் குற்றமே. ஆனால் 12 வயதைக் கடந்த மனைவி என்றால் அங்கே ஒரு விதிவிலக்கு நுழைந்துவிடுகிறது.

விவாகரத்திலும் சமநிலை இல்லை. கணவன் தலாக் கூற விரும்பினால் காதிக்கு அறிவிக்க வேண்டும், சமரச முயற்சிக்கான காலம் கழிய வேண்டும். காரணத்தை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. மனைவி பஸஹ் விவாகரத்துக் கோரினால் குற்றச்சாட்டைச் சாட்சிகளோடு நிலைநாட்ட வேண்டும். வழக்கைக் கேட்கும் காதியும், அவருக்கு உதவும் மதிப்பீட்டாளர்களும், மேன்முறையீட்டைக் கேட்கும் காதிகள் சபையின் உறுப்பினர்களும் முஸ்லிம் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் வரையறுக்கிறது. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராக முடியாது. பல இடங்களில் அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. பாடசாலையிலோ, பள்ளிவாசல் வளாகத்திலோ, காதியின் வீட்டிலோ அமர்வு நடக்கும். தன் படுக்கையறைத் துயரத்தை அறிமுகமில்லாத ஆண்கள் நிறைந்த அறையில் சொல்ல வேண்டிய பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆண் மற்றொரு திருமணம் செய்வதாயின் முன்கூட்டியே காதிக்கு அறிவித்தல் கொடுத்தால் போதும். முதல் மனைவியின் சம்மதமோ, எல்லோரையும் பராமரிக்கும் வசதி உண்டா என்ற விசாரணையோ சட்டத்தில் கட்டாயமில்லை.

'இப்படியான சட்டம் பிடிக்காதவர்கள் பொதுச் சட்டத்தின்கீழ் திருமணம் செய்யலாமே' என்று சிலர் கேட்பார்கள். முடியாது. பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், இரு முஸ்லிம்களுக்கிடையிலான திருமணத்தைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. நீதிமன்றம் சென்று சமத்துவம் கேட்கலாமா? அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிசெய்கிறது. ஆனால் 16ஆம் உறுப்புரை, 1978க்கு முன்னரே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. முஸ்லிம் பெண்ணுக்குப் பொதுச் சட்டத்தின் வாசலும் மூடியிருக்கிறது, அரசியலமைப்பின் வாசலும் மூடியிருக்கிறது.

இது யார் எழுதிய சட்டம்?

இந்தச் சட்டத்தைத் தொடக்கூடாது என்பவர்களின் முதன்மையான வாதம், இது அல்லாஹ்வின் சட்டம் என்பதே. அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

பிரித்தானியர் வந்தபின் 1806இல், கொழும்பு மாகாண முஸ்லிம்களுக்காக ஒரு சட்டக்கோவை வெளியிடப்பட்டது. ஒல்லாந்தர் காலத்துத் தொகுப்பு ஒன்றை அடியொற்றி, கொழும்பின் முஸ்லிம் தலைவர்களையும் மார்க்க அறிஞர்களையும் கேட்டு அது தயாரிக்கப்பட்டது. 1852இல் அது முழுத் தீவுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் இடத்தில் 1929இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் நாடாளுமன்றம் 1951இல் இப்போதைய சட்டத்தை நிறைவேற்றியது. 1954இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆக, இது காலனித்துவ நிர்வாகமும் உள்ளூர் வழக்கமும் ஷாபிஈ மத்ஹபின் கருத்துக்களும் நாடாளுமன்ற வாக்கெடுப்பும் கலந்து உருவான அரச சட்டம்.

இதற்கு நல்ல சான்று சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 'கைக்கூலி' என்ற தமிழ்ச் சொல் அதில் இடம்பெறுகிறது. மணமகளின் உறவினர் மணமகனிடம் கொடுக்கும் பணமும் பொருளும்தான் கைக்கூலி. இஸ்லாம் விதிப்பது மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மஹர். கைக்கூலி ஷரீஆவில் இல்லாத, இந்த மண்ணின் வழக்கம். அதைச் சட்டத்துக்குள் எடுத்து, விவாகரத்தின்போது மனைவி திரும்பக் கோருவதற்கு வழிசெய்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தேவை கருதி உள்ளூர் வழக்கத்தைச் சட்டத்துக்குள் சேர்க்க மனிதர்களுக்கு உரிமை இருந்ததென்றால், தேவை கருதி ஒரு பிரிவை நீக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

இஸ்லாமிய சிந்தனைக்குள் என்ன இருக்கிறது?

ஷரீஆ வேறு, பிக்ஹ் வேறு என்பது மார்க்கம் கற்ற எவருக்கும் தெரிந்த பாலபாடம். ஷரீஆ இறைவன் காட்டிய பாதை. பிக்ஹ் என்பது அந்தப் பாதையை விளங்கிக்கொள்ள அறிஞர்கள் எடுத்த மனித முயற்சி. முயற்சி என்பதால் அதில் கருத்து வேறுபாடு உண்டு. நான்கு சுன்னி மத்ஹபுகளும் ஷீஆ சட்ட மரபும் இந்த வேறுபாட்டின் விளைவுகளே.

கொழும்பிலேயே இதைப் பார்க்கலாம். சோனகர்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபினர். அந்த மத்ஹபின்படி வலீ இல்லாமல் பெண்ணின் திருமணம் செல்லாது. மேமன் சமூகத்தினர் ஹனபி மத்ஹபினர். வயதுவந்த, சித்த சுவாதீனமுள்ள பெண் தன் திருமண ஒப்பந்தத்தைத் தானே செய்துகொள்ளலாம் என்பது ஹனபி மத்ஹபின் நிலைப்பாடு. எமது 1951ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்று, வலீயைக் கட்டாயமாக்கும் பிரிவை ஷாபிஈ பெண்களுக்கு என்றே எழுதியிருக்கிறது. ஒரே நகரத்தில், ஒரே மார்க்கத்தைச் சேர்ந்த இரண்டு பெண்களில் ஒருவருக்கு உள்ள உரிமை மற்றவருக்கு இல்லை. ஹனபிப் பெண்ணின் திருமணம் இஸ்லாத்துக்கு விரோதமானது என்று எந்த ஆலிமும் சொல்வதில்லை.

வயது விடயத்திலும் மரபு ஒரே குரலில் பேசவில்லை. பெரும்பான்மையான பழைய அறிஞர்கள் சிறுவயதினருக்குப் பெற்றோர் மணம் முடித்துவைக்க இடமளித்தார்கள் என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 8ஆம் நூற்றாண்டில் கூபா நகரத்தில் நீதிபதியாக இருந்த இப்னு ஷுப்ருமா அதை ஏற்கவில்லை. திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 6ஆவது வசனம் அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசும்போது, திருமணத்துக்குரிய பருவத்தையும் பகுத்தறியும் முதிர்ச்சியையும் சேர்த்துச் சொல்வதால், திருமணத்துக்கு ஒரு பருவம் உண்டு என்ற வாதத்துக்கு அது அடிப்படையாயிற்று. ஏறத்தாழ 1,150 ஆண்டுகள் கழித்து, 1917இல் உஸ்மானியப் பேரரசு குடும்பச் சட்டத்தை இயற்றியபோது இந்தச் சிறுபான்மைக் கருத்தையே கையிலெடுத்தது. திருமணத் தகுதி வயதை ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என வகுத்தது. அப்போது கிலாபத் முடிவுக்கு வந்திருக்கவில்லை. அந்தச் சட்டத்தை இயற்றியது கலீபாவின் அரசு.

பெண் நீதிபதி விடயமும் அப்படித்தான். ஷாபிஈ அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் விடயங்களில் அவர் தீர்ப்பும் வழங்கலாம் என்றார் இமாம் அபூ ஹனீபா. இமாம் தபரி இன்னும் விரிவாக அனுமதித்ததாக அறியப்படுகிறது. இன்று இந்தோனேசியாவின் மார்க்க நீதிமன்றங்களில் பெண்கள் பல தசாப்தங்களாக நீதிபதிகளாக இருக்கிறார்கள். பலஸ்தீனத்தில் 2009இலும் மலேசியாவில் 2010இலும் ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். இந்தோனேசியர்களிலும் மலேசியர்களிலும் பெரும்பாலானோர் எங்களைப் போலவே ஷாபிஈ மத்ஹபினர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சம்மதத்தைப் பொறுத்தவரை ஒரு நபிமொழியை இங்கு நினைவூட்டலாம். தன் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணம் முடித்துவைத்ததாக கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண் முறையிட்டபோது, நபிகளார் அத்திருமணத்தை இரத்துச் செய்தார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. மணமகளின் ஒரு கையொப்பத்தைக் கேட்பது இந்த முன்மாதிரிக்கு எப்படி முரணாகும்?

ஷரீஆவின் நோக்கங்கள் பற்றிப் பேசிய கஸ்ஸாலியும் ஷாதிபியும் மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகியவற்றைப் பாதுகாப்பதே அதன் இலக்கு என்றார்கள். 14 வயதில் பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டு மணமுடித்துக் கொடுக்கப்படும் சிறுமியின் விடயத்தில் இந்த ஐந்தில் எது பாதுகாக்கப்படுகிறது? இந்தக் கேள்வியை மேற்கிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அது மரபின் சொந்தக் கேள்வி.

அப்படியென்றால் ஏன் நகரவில்லை?

முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் ஒரு குழு நியமிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 2018 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. குழு இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பிரிவுக்கு மர்சூபும், மறு பிரிவுக்கு ஜனாதிபதி சட்டத்தரணி பாயிஸ் முஸ்தபாவும் தலைமை தாங்கினார்கள். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் தலைமை இரண்டாவது பிரிவோடு நின்றது. பல விடயங்களில் இரு பிரிவினருக்கும் இடையே உடன்பாடு இருந்தது. பெண்களைக் காதிகளாக நியமிப்பது போன்ற விடயங்களில் பிளவு இருந்தது. உடன்பட்டவற்றையாவது உடனே சட்டமாக்கியிருக்கலாம். நடக்கவில்லை.

இதற்கிடையில் பெண்கள் காத்திருக்கவில்லை. கொழும்பை மையமாகக் கொண்ட முஸ்லிம் பெண்கள் ஆய்வு மற்றும் செயல் முன்னணி 1980களிலிருந்தே இதைப் பேசியது. பின்னர் முஸ்லிம் தனியார் சட்டச் சீர்திருத்தச் செயற்குழு உருவானது. 2016இல் ஹயிஷாமா ஹமீனும் ஹசானா சேகு இஸதீனும் நடத்திய ஆய்வு, புத்தளம் உட்படப் பல மாவட்டங்களின் பெண்களுடைய அனுபவங்களைப் பதிவுசெய்தது. இவர்கள் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்கள் அல்லர். மார்க்கத்துக்குள் நின்று நீதி கேட்டவர்கள். ஆனாலும் 'மேற்கின் கைக்கூலிகள்' என்ற பட்டம் அவர்களுக்குத் தயாராக இருந்தது.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் ஏனைய தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் எம்மோடு அன்றாடம் பழகிய தமிழ்க் கத்தோலிக்கர்கள் பலர். குற்றவாளிகள் ஒரு சிறு கும்பல். சந்தேகத்தின் நிழல் விழுந்ததோ முழுச் சமூகத்தின் மீதும். மே மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஜூன் 3ஆம் திகதி முஸ்லிம் அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். அந்தப் புகைமூட்டத்துக்குள்தான் விவாகச் சட்டத் திருத்தம் மீண்டும் அமைச்சரவைக்குப் போனது. அதுவரை சிறுமிகளின் நலன் பற்றி ஒரு வார்த்தை பேசாத அரசியல்வாதிகள் திடீரென முஸ்லிம் பெண்களின் பாதுகாவலர்களானார்கள். திருமண வயதும் பயங்கரவாதமும் ஒரே மேடையில், ஒரே மூச்சில் பேசப்பட்டன.

அடுத்த ஆண்டு கொவிட் தொற்று. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொன்ன பின்பும், 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாட்களே ஆன ஒரு குழந்தையின் உடலும் பெற்றோரின் எதிர்ப்பை மீறி பொரளையில் எரிக்கப்பட்டது. மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கியது, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அரசாங்கம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதிக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2020 மே மாதம் கைதாகி, ஒன்றரை ஆண்டுகளுக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

குழந்தையின் ஜனாஸாவைக்கூட விட்டுவைக்காத ஓர் அரசு, 'உங்கள் பெண்களுக்கு நீதி தருகிறேன்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த நம்பிக்கையின்மையை ஒரு நியாயமான உணர்வாகவே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், இந்த இரு பகுதிகளினதும் விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம் என்பதையும் மறக்கக்கூடாது.

'ஒரே நாடு, ஒரே சட்டம்'

2021 மார்ச்சில் அப்போதைய நீதியமைச்சர் அலி சப்ரி முன்வைத்த திருத்த யோசனைகளுக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. விரும்பும் முஸ்லிம்கள் பொதுச் சட்டத்தின்கீழ் திருமணம் செய்ய வழிவிடுவதும் அவற்றில் ஒன்று. ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில், 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்ற ஜனாதிபதி செயலணிக்குப் பொதுபல சேனாவின் ஞானசார தேரர் தலைவராக நியமிக்கப்பட்டார். 2014இல் அளுத்கமையில் அவர் ஆற்றிய உரையையும் அதைத் தொடர்ந்து நடந்ததையும் அறிந்த முஸ்லிம்களுக்கு அந்த நியமனமே ஒரு பதிலாக இருந்தது. சீர்திருத்தம் என்ற சொல்லையே அது கறைப்படுத்தியது. சட்டத்தைப் பாதுகாக்க விரும்பியவர்களுக்கு அதைவிட நல்ல பரிசு கிடைத்திருக்க முடியாது. 2023இல் மீண்டும் திருத்தம் பேசப்பட்டபோது, முஸ்லிம் நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலானோர் முக்கியமான மாற்றங்களை எதிர்த்து நீதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள்.

'ஒரே சட்டம்' என்ற கோஷத்தில் இன்னொரு கபடமும் உண்டு. தனியாள் சட்டம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. கண்டியச் சட்டம் இருக்கிறது. தேசவழமை இருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்கு இன்றும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கிய எத்தனையோ யாழ்ப்பாணத்துப் பெண்கள், நொத்தாரிசின் மேசையில்தான் இதை முதன்முதலில் அறிந்துகொள்கிறார்கள். அதைத் திருத்த வேண்டும் என்று தமிழ்ப் பெண்கள் கேட்கும்போது, 'முதலில் இனப்பிரச்சினை தீரட்டும்' என்ற பதில் வருகிறது. முஸ்லிம் பெண்களுக்குக் கிடைப்பதும் அதே பதில்தான். சமூகத்துக்கு ஆபத்து வரும்போதெல்லாம் பெண்ணின் நியாயம் வரிசையின் கடைசிக்குப் போகிறது.

அரசு வெளியிலிருந்து திணிக்கும் சட்டம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இந்தியாவைப் பார்க்கலாம். முத்தலாக் செல்லாது என 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்டு நீதிமன்றம் போனவர்கள் முஸ்லிம் பெண்களே. ஆனால் 2019இல் நாடாளுமன்றம் அதை மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. செல்லாத ஒரு சொல்லுக்காகக் கணவனைச் சிறையில் போட்டால் மனைவிக்கு ஜீவனாம்சம் யார் கொடுப்பது என்ற கேள்வியை முஸ்லிம் பெண்களே எழுப்பினார்கள். நீதிக்காகப் போராடியவர்களின் கையிலிருந்து விடயம் நழுவி, வேறு யாரோ வெட்டி விளையாடும் பகடைக்காயாயிற்று.

சித்திலெப்பை செய்தது

அழுத்தம் வெளியிலிருந்து வரும்போது உள்ளே சீர்திருத்தம் சாத்தியமில்லை என்று சொல்வோர், தங்கள் சொந்த வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கல்வியும் மிஷனரிப் பாடசாலைகளும் ஒன்றாக இருந்தன. பிள்ளைகளை அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் முஸ்லிம்களிடம் இருந்தது. அது ஆதாரமற்ற பயமும் அல்ல. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை பயத்தைப் பரிகசிக்கவில்லை, அதற்கு அடிபணியவுமில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கித் தமிழில் விவாதித்தார். முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் கொழும்பு வந்த ஒராபி பாஷா அவருக்குத் துணையாக நின்றார். 1892இல் மருதானையில், இன்றைய ஸாஹிராக் கல்லூரிக்கு வித்தாகிய மத்ரஸா உருவானது. எதிர்ப்பு அப்போதும் மார்க்கத்தின் பெயரில்தான் வந்தது. இன்று முஸ்லிம் பெண் வைத்தியர்களையும் சட்டத்தரணிகளையும் ஆசிரியைகளையும் பற்றிப் பெருமைப்படாத முஸ்லிம் வீடு இல்லை.

சித்திலெப்பை காலனித்துவ அரசின் கையாளாகவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மரபின் காவலாளியாகவும் நிற்கவில்லை. அவர் தேர்ந்தது மூன்றாவது இடம். இன்று முஸ்லிம் பெண் அமைப்புகள் நிற்பதும் அதே இடத்தில்தான்.

காத்திருப்பின் விலை

'நேரம் சரியில்லை' என்ற வாதத்தை இனியும் கேட்டுக்கொண்டிருக்க முடியாததற்குக் காரணம் எளிமையானது. 2009இல் மர்சூப் குழு கூடியபோது பிறந்த பெண்குழந்தை, சட்டத்தின் பார்வையில் மணமுடிக்கத் தடையில்லாத வயதை 2021இலேயே எட்டிவிட்டது. தலைவர்கள் காத்திருக்கலாம். சிறுமிகள் வளர்வதை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

என்ன செய்யலாம்? மார்க்க அறிஞர்களிடையே குறைந்தளவு சர்ச்சைக்குரியவற்றை முதலில் செய்யலாம். மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கலாம். குறைந்தபட்ச வயதை 18 ஆக்கி, 363ஆம் பிரிவின் விதிவிலக்கை நீக்கலாம். வயது விடயத்தில் விதிவிலக்குகளைத் தாராளமாகத் திறந்துவைக்கக்கூடாது என்பதற்கு மொரோக்கோ எச்சரிக்கை. 2004இல் அங்கே 18 வயது சட்டமானது, நீதிபதிகள் வழங்கிய விதிவிலக்குகள் அந்தச் சட்டத்தைப் பெருமளவு பலவீனமாக்கின. காதிப் பதவியைத் தகுதியுள்ள பெண்களுக்கும் திறக்கலாம். காதிகளுக்குப் பயிற்சியும் உரிய ஊதியமும் ஒழுங்கான நீதிமன்ற மண்டபமும் கொடுக்கலாம். விரும்புவோர் பொதுச் சட்டத்தின்கீழ் திருமணம் செய்யத் தடையை நீக்கலாம். இவற்றில் எதைச் செய்தாலும் ஒரு முஸ்லிமின் தொழுகையோ நோன்போ நிக்காஹ்வோ குறைந்துபோகாது.

அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். வெறுப்புப் பேச்சாளர்களைத் தலைமையில் அமர்த்திவிட்டுச் சீர்திருத்தம் பேசக்கூடாது. முஸ்லிம்களின் அச்சத்துக்கு அரசின் நடத்தையே காரணமாக இருக்கும்வரை, அந்த அச்சத்தின் பின்னால் ஒளிந்துகொள்வது உள்ளே இருப்பவர்களுக்கும் இலகுவாகவே இருக்கும். தமிழர்களாகிய நாமும் முஸ்லிம் பெண்களின் துயரத்தை முஸ்லிம் சமூகத்தைக் குத்திக்காட்டும் கோலாகப் பயன்படுத்தக்கூடாது. எங்கள் வீட்டுத் தேசவழமையையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையின் அந்தத் திருமண வீட்டுக்கு மீண்டும் போவோம். பதிவேடு உள்ளறைக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டும். மணமகள் அதை வாசிக்க வேண்டும். மஹர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். விருப்பமில்லை என்றால் பேனாவைக் கீழே வைக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். விருப்பம் என்றால் தன் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும். இதற்குத் தேவைப்படுவது சில அடி தூர நடையும் ஒரு சட்டத் திருத்தமும்தான்.